மணப்பெண்ணின் பூங்கொத்து: பூவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மணப்பெண் கையில் பிடிக்கும் பூங்கொத்தை வடிவமைக்கும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள், பிடித்த பூக்களை வாங்கி அழகாக அடுக்கி ரிப்பன் சுற்றினால் போதாதா என்பது உங்கள் கேள்வி. மேசைமேல் ஜாடியில் வைப்பதற்கு என்றால் தாராளமாகப் போதும். மணப்பெண்ணின் கொத்து ஜாடியில் நிற்பதில்லை. ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார், படியேறுகிறார், வருகிறவர்கள் கட்டியணைக்கும்போது ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடிக்கிறார், அப்புறம் மணிக்கணக்கில் படம் எடுத்துக்கொள்கிறார். அந்த நேரம் முழுக்கப் பூக்களுக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் இந்தத் தொழிலில் இருக்கும் நான் 'என்ன பூ வேண்டும்' என்று பேச்சைத் தொடங்குவதே இல்லை. கை, உடை, நேரம் இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் பூவைப் பற்றிப் பேச்சு.

கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பிடிக்கிற இடம் எவ்வளவு தடிமனாக இருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பெருவிரலும் நடுவிரலும் பிடியைச் சுற்றி வந்து தொட்டுக்கொள்ள வேண்டும். தொடவில்லை என்றால் மணப்பெண் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும், தோள் தானாக மேலே ஏறிவிடும். படத்தில் அந்த இறுக்கம் அப்படியே தெரியும். ஐம்பது காம்புள்ள கொத்து கண்ணுக்கு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், அதில் பாதிக் காம்பு தடித்த ரோஜாக் காம்பு என்றால் பிடி பருத்துவிடும். பெரிய பூவாகக் குறைந்த எண்ணிக்கையில் எடுப்பது, பிடிக்கிற இடத்துக்கு வரும் இலைகளையும் பக்கக் கிளைகளையும் முழுக்க நீக்குவது, மெல்லிய காம்புள்ள பூக்களை இடையில் சேர்ப்பது என்று அதற்கு வழிகள் இருக்கின்றன.

எடையும் அப்படித்தான். தண்ணீர் குடித்த பச்சைக் காம்புகளுக்குக் கனம் அதிகம். பெரிய கொத்து என்றால் ஒன்றரை, இரண்டு கிலோவை எளிதில் தொட்டுவிடும். அதை ஐந்து நிமிடம் பிடிப்பது வேறு, அரை நாள் பிடிப்பது வேறு. என்னிடம் வருகிறவர்களிடம் வீட்டில் அதே எடையுள்ள ஏதாவது ஒரு பொருளை இடுப்புக்கு நேராகக் கால்மணி நேரம் பிடித்து நின்று பார்க்கச் சொல்கிறேன். அதற்குப் பிறகு அளவைப் பற்றிய பேச்சு சுலபமாகிவிடும்.

அடுத்து உடை. துணி, நிறம், எங்கே வேலைப்பாடு இருக்கிறது, இடுப்பு எங்கே விழுகிறது, பின்னால் எவ்வளவு நீளம் இழுபடுகிறது என்று எல்லாம் தெரிய வேண்டும். உடலோடு ஒட்டி நேராக இறங்கும் உடைக்குப் பெரிய உருண்டைக் கொத்து பாந்தமாக அமையாது. கண் கொத்திலேயே நின்றுவிடும், உடையின் நீண்ட கோடு அறுந்துபோகும். அங்கே கையின் மடிப்பில் சாய்த்து ஏந்தும் நீண்ட காலா லில்லிகளோ, கொஞ்சம் நீள்வட்டமான கொத்தோ நன்றாக இருக்கும். இடுப்பிலிருந்து அகலமாக விரியும் உடை என்றால் சின்னக் கொத்து அதில் தொலைந்துவிடும். இடுப்பில் மணிவேலை செய்திருந்தால் அதை மறைக்கிற அகலத்தில் கொத்து கட்டுவது தையல்காரரின் உழைப்பை மூடிவைப்பதாகும். நான் கையாளும் பொதுவான அளவு இதுதான்: உருண்டைக் கொத்து 20 முதல் 30 சென்டிமீட்டர் குறுக்களவு, எப்படியும் மணப்பெண்ணின் இடுப்பின் அகலத்தைத் தாண்டக் கூடாது.

அளவைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் தெரிந்த இரண்டு திருமணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1981-ல் இளவரசி டயானா செயின்ட் பால் தேவாலயத்தில் ஏந்தியது ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு வழிந்த கொத்து. அவர் உடையின் பின்பகுதி 25 அடி நீளம், கைகள் உப்பிய பெரிய உடை. அதற்கு எதிரே ஒரு கையளவுக் கொத்து இருந்திருந்தால் யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. 2011-ல் கேட் மிடில்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிடித்தது லில்லி ஆஃப் த வேலி, ஸ்வீட் வில்லியம், ஹயசின்த், மிர்ட்டில், ஐவி சேர்ந்த சின்னக் கொத்து. உடையில் மேலெல்லாம் நுணுக்கமான லேஸ், பின்பகுதி ஒன்பதடிக்குள். லேஸின் நுணுக்கத்தோடு பேசுகிற மாதிரி சின்னச் சின்ன மணிப் பூக்கள். இரண்டுமே அந்தந்த உடைக்குச் சரி. ஒன்றை மற்றதற்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், இரண்டும் கெட்டுவிடும். இணையத்தில் பார்த்த ஒரு படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்று கேட்கும்போது நான் தயங்குவது இதனால்தான். அந்தப் படத்தில் கொத்து மட்டும் இல்லை, ஒரு குறிப்பிட்ட உடையும் உயரமும் வெளிச்சமும் சேர்ந்தே இருக்கின்றன.

நிறத்தில் நிறையப் பேர் வழுக்குவது வெள்ளையில். வெள்ளை உடை என்று சொல்வதில் பாதிக்கு மேல் உண்மையில் தந்த நிறமாகவோ பாலாடை நிறமாகவோ இருக்கும். தனியாகப் பார்க்கும்போது அது வெள்ளையாகத்தான் தெரியும். அதன்மேல் ஒரு தூய வெள்ளை ரோஜாவை வைத்து ஜன்னலோரம் போய்ப் பாருங்கள். பூ நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும், துணி சட்டென்று பழையதாக, மஞ்சளடித்ததாகத் தெரியும். துணி மாறவில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே கண் நிறத்தை எடைபோடுகிறது. அதனால் உடைத் துணியில் ஒரு விரலகலத் துண்டு இல்லாமல் நான் வெள்ளைப் பூவை முடிவு செய்வதில்லை. தந்த நிறத் துணிக்குப் பாலாடை நிற ரோஜா, வெளிர் பீச் நிறம், உள்ளே இளம்பச்சை ஓடும் லிசியாந்தஸ் எல்லாம் பொருந்தும்.

முழு வெள்ளைக் கொத்து கேட்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வெள்ளை உடைக்கு முன்னால் வெள்ளைக் கொத்து இருந்தால் கேமராவில் இரண்டும் சேர்ந்து ஒரே வெளுப்பாகிவிடும். அங்கே காப்பாற்றுவது நிறம் இல்லை, இழைநயமும் நிழலும்தான். அடுக்கடுக்காக இதழ் கொண்ட ரனங்குலஸ், வழவழப்பான ஆர்கிட், நுரை போன்ற ஜிப்ஸோபிலா என்று வேறு வேறு பரப்புகளைக் கலக்க வேண்டும். விளிம்பில் கொஞ்சம் சாம்பல்பச்சை யூகலிப்டஸ் இலை வந்தால் கொத்துக்கும் உடைக்கும் நடுவே எல்லை கிடைக்கும்.

வெளிச்சத்தையும் மறக்க வேண்டாம். மஞ்சள் விளக்கிலும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் நீல ஒளி குறைவு. அதனால் நீலப் பூவும் ஊதாப் பூவும் அங்கே சாம்பலாக மங்கிப்போகும். ஆழ்ந்த சிவப்பு, அரையிருட்டில் எடுத்த படத்தில் கறுப்புக் குழியாக விழும், இதழ் இதழாகத் தெரியாது. மாலை நேர விழாவில் சிவப்புதான் வேண்டும் என்றால் அதற்குள் ஒரு படி வெளிறிய சிவப்பையோ பவழ நிறத்தையோ கலந்துவிடுவேன். நேரில் சிவப்புக் கொத்தாகத்தான் தெரியும், படத்தில் உருவம் தங்கும்.

சரி, இனி பூக்கள். தண்ணீர் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் முதல் வடிகட்டி. ரோஜா, கார்னேஷன், ஆர்கிட், செவ்வந்தி, காலா லில்லி இவை நம்பகமானவை. கார்னேஷனை மலிவான பூ என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. எனக்கு அது வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் ஒரே நிறத்தில் நெருக்கமாகக் கட்டிய கார்னேஷன் கொத்துக்கு இருக்கும் பட்டுத்துணி போன்ற செழுமை வேறு எதற்கும் வராது, நாள் முழுக்க அசையாமலும் இருக்கும். ஹைட்ரேஞ்சா இதற்கு நேர்மாறு. ஒரு தலை போட்டாலே கொத்து நிறைந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே துவளக்கூடியது. பூத்தலையைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் இதழ் வழியாகவே நீர் இழுத்து மீண்டும் நிமிரும், ஆனால் ஊர்வலத்தின் நடுவில் யாரால் அதைச் செய்ய முடியும்? குளிர்ச்சியான அரங்கம், குறுகிய நிகழ்ச்சி என்றால் மட்டும் ஒத்துக்கொள்வேன். டேலியா, ஸ்வீட் பீ இரண்டும் அழகு, ஆனால் ஆயுள் குறைவு.

சில பூக்களுக்குத் தனிக் குணம் உண்டு. டூலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சம் வரும் பக்கம் வளையும். முந்தின நாள் மட்டமாகக் கட்டிய கொத்தில் மறுநாள் காலை டூலிப்புகள் மட்டும் தலை தூக்கி நிற்கும். அனிமோன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப விரிந்து மூடும். கார்டீனியா விரல் பட்ட இடத்தில் பழுப்பாகும், அதைத் தொடும்போது கையை நனைத்துக்கொள்வது நல்லது. லில்லி விரிந்ததும் உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அந்த ஆரஞ்சுத் தூள் வெள்ளைத் துணியில் பட்டால் எளிதில் போகாது. பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது, தண்ணீரும் கூடாது, ஒட்டும் டேப்பை மெல்ல வைத்து எடுக்க வேண்டும்.

பருவம் இன்னொரு தலைவலி. பியோனி வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து கோடையின் தொடக்கம் வரைதான், டேலியா கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும். பருவம் தப்பிய பூவை எங்கிருந்தாவது வரவழைக்கலாம், ஆனால் வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் பூவின் பெயரைச் சொல்லாமல் அதில் என்ன பிடித்தது என்று சொல்லச் சொல்வேன். அடுக்கிதழும் உருண்டையும் பிடித்தது என்றால் பியோனிக்குப் பதில் இதழ் நிறைந்த தோட்ட ரோஜாவோ ரனங்குலஸோ அந்த ஆசையைத் தீர்த்துவிடும்.

வாசனையையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். சம்பங்கி, ஹயசின்த், வாசனை லில்லி இவையெல்லாம் திறந்தவெளியில் இனிமை. மூடிய காரிலும் சின்ன அறையிலும் மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நாள் முழுக்க இருந்தால் சிலருக்குத் தலை வலிக்கும். மகரந்த ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் இதோடு சேர்த்தே கேட்பேன். லில்லி ஆஃப் த வேலி செடி முழுக்க நச்சு, இதயத்தைப் பாதிக்கக்கூடியது. பெரியவர்கள் கையில் பிடிப்பதில் பயம் இல்லை, ஆனால் மணப்பெண்ணுக்கு முன்னால் பூக்கூடையோடு நடக்கும், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு அதே பூவில் கூடை செய்து கொடுக்காதீர்கள். யூஃபோர்பியா வகைகளின் பால் தோலையும் கண்ணையும் எரிக்கும், அதை நான் கைக்கொத்தில் சேர்ப்பதே இல்லை.

கட்டும் முறைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பைரல் முறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நடுவில் வரவேண்டிய பூவை இடது கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நிமிர்த்திப் பிடியுங்கள். அடுத்த காம்பை அதன் முன்னால் சாய்வாக வையுங்கள், பூ இடது பக்கம் மேலே, காம்பின் நுனி வலது பக்கம் கீழே. மூன்றாவது காம்பும் அதே சாய்வு, அதே திசை. இரண்டு மூன்று காம்பு சேர்ந்ததும் கொத்தைக் கையில் கொஞ்சம் திருப்புங்கள், மறுபடி அதே சாய்வில் வையுங்கள். திசை மட்டும் ஒருமுறைகூட மாறக் கூடாது. எல்லாக் காம்பும் ஒன்றையொன்று கடப்பது உங்கள் விரல் இருக்கும் அந்த ஒரே இடத்தில். அங்கேதான் கட்டும் விழும். சரியாக வந்தால் காம்புகள் கீழே பாவாடைபோல் சுழன்று விரியும், கொத்தை மேசைமேல் வைத்தால் தானாக நிற்கும். ஒரு காம்பு எதிர்த் திசையில் போயிருந்தாலும் கட்டை இறுக்கும்போது அது நெருக்கி மடங்கிவிடும்.

இந்த முறையின் பெரிய வசதி, விரலைக் கொஞ்சம் தளர்த்தி எந்தப் பூவையும் மேலே இழுக்கலாம், கீழே தள்ளலாம். கொத்துக்கு ஆழம் வருவது அதில்தான். எல்லாப் பூவும் ஒரே மட்டத்தில் இருந்தால் தட்டையாகத் தெரியும். பெரிய பூக்களில் சிலவற்றை ஒரு விரல் கீழே இறக்கி, சின்னப் பூக்களை அவற்றின் மேல் கொஞ்சம் மிதக்கவிட்டால் நிழல் விழும், உயிர் வரும். அடர்ந்த நிறங்கள் உள்ளேயும் வெளிறியவை வெளியேயும் இருப்பது பொதுவாக நன்றாக அமையும். கட்டிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி கண்ணாடி முன் நின்று இடுப்பு உயரத்தில் பிடித்துப் பார்ப்பேன். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது தெரியும் கொத்து வேறு, எதிரே நிற்பவர் பார்க்கும் கொத்து வேறு. விருந்தினர்களும் கேமராவும் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

அருவிபோல் வழியும் கேஸ்கேட் கொத்துக்கு இந்த முறை மட்டும் போதாது. ஸ்டெஃபனோட்டிஸ் போன்ற பூவுக்குப் பிடிக்கத் தகுந்த காம்பே இல்லை, ஆர்கிட்டின் தனிப்பூவும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கம்பி கோத்து ஃப்ளோரல் டேப் சுற்றி நினைத்த பக்கம் வளைக்கிறோம். கம்பிக் கொத்து இலேசாக இருக்கும், பிடி மெலிதாக வரும், ஆனால் பூவுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது, வேலையும் பல மடங்கு. இன்னொரு வழி, நுனியில் ஃபோம் வைத்த பிளாஸ்டிக் பிடி. தண்ணீர் உறிஞ்சும் இந்த ஃபோம் 1954-ல் அமெரிக்காவில் வந்தது, பூ வேலையையே மாற்றிவிட்டது. ஆனால் அது மக்காத பிளாஸ்டிக், உதிர்ந்து துகளாகிச் சாக்கடையில் போய்ச் சேரும். தவிர்க்க முடிந்த இடத்தில் நான் தவிர்க்கிறேன், கைக்கொத்தில் பெரும்பாலும் தவிர்க்க முடிகிறது.

இனி நேரக் கணக்கு. ரோஜாவை இரண்டு மூன்று நாள் முன்னதாக வாங்கினால்தான் அன்றைக்குச் சரியான அளவு விரிந்திருக்கும். லில்லி மொட்டாக வந்தால் மூன்று முதல் ஐந்து நாள் கேட்கும். பியோனி மொட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்து, கல்போல் இருந்தால் காத்திருக்க வேண்டும், மெத்தென்று இருந்தால் எந்த நேரமும் விரியும். வாங்கியதும் கீழ் இலைகளை நீக்கி, கூர்மையான கத்தியால் காம்பைச் சாய்வாக வெட்டி, சுத்தமான வாளியில் ஓர் இரவாவது தண்ணீர் குடிக்க விட வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் அப்புறம் எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது. அழுக்கு வாளியில் கிருமி பெருகிக் காம்பின் குழாய்களை அடைத்துவிடும், அதனால் வாளியைத் தேய்த்துக் கழுவுவதும் வடிவமைப்பின் பகுதிதான். டாஃபோடில் இருந்தால் அதற்குத் தனி வாளி, அதன் சாறு மற்றப் பூக்களைக் கெடுக்கும்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். பழம் இருக்கிற பெட்டியில் வேண்டவே வேண்டாம். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடுகிறது, கார்னேஷனும் ஆர்கிட்டும் ஸ்வீட் பீயும் அது பட்டால் சீக்கிரம் முதிர்ந்து சுருங்கும் அல்லது உதிரும். ஆர்கிட், ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்களுக்கு 10 டிகிரிக்கும் கீழான குளிரே காயம், இதழ் கறுத்துப்போகும். வெயில் படாத குளிர்ந்த அறையில் தண்ணீரில் நிற்க வைப்பது வீட்டில் செய்பவர்களுக்குப் பாதுகாப்பான வழி.

ரிப்பன் சுற்றும்போது காம்பின் அடிப்பகுதியை மூடாமல் விடுங்கள், இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் ஒரு குவளையில் நிறுத்தி வைக்கலாம். குண்டூசி குத்தினால் முனை காம்புகளுக்குள்ளேயே முடிய வேண்டும், வெளியே ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் விரலைக் கிழிக்கும். கட்டுக்குக் கீழே தெரியும் காம்பின் நீளம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பார்க்கச் சீராக இருக்கும். கையில் கொடுப்பதற்கு முன்னால் காம்புகளைத் துண்டால் ஒற்றித் துடைக்கவும் ஒருவரிடம் பொறுப்பைச் சொல்லிவைக்க வேண்டும், இல்லையென்றால் பட்டுத்துணியில் ஈரக் கறை இறங்கும்.

பிடிக்கிற விதத்தையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். படபடப்பில் எல்லோரும் கொத்தை நெஞ்சுக்கு நேரே தூக்கிவிடுகிறார்கள். உடையின் மேல்பகுதி முழுக்க மறைந்துவிடும். மணிக்கட்டு இரண்டும் இடுப்பெலும்பின் மேல் தங்கட்டும், முழங்கை கொஞ்சம் மடங்கட்டும், பூமுகத்தை எதிரே இருப்பவர் பக்கம் சற்றே சாய்க்கட்டும். ஒரு தடவை கண்ணாடி முன் செய்து பார்த்தால் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும்.

கடைசியாக, கொத்தைக் காயவைத்துப் பத்திரப்படுத்தும் எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பூத்தேர்வே மாறும். ரோஜா, லாவெண்டர், ஜிப்ஸோபிலா, ஸ்டாடிஸ் இவை நன்றாகக் காயும். வெள்ளைப் பூ காய்ந்தால் பழுப்பேறும், சதைப்பிடிப்பான ஆர்கிட்டும் லில்லியும் தலைகீழாகத் தொங்கவிட்டால் சுருங்கிவிடும், அவற்றுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள்தான் வழி. ரோஜா போன்றவற்றை இருட்டான, காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் தலைகீழாகத் தொங்கவிட்டாலே போதும். எப்படிச் செய்தாலும் விழா முடிந்த இரவே கொத்தைத் தண்ணீரில் நிறுத்தி, மறுநாளே வேலையைத் தொடங்க வேண்டும். வாடிய பிறகு காயவைத்தால் வாடிய உருவம்தான் தங்கும்.